வரைகலை வடிவமைப்பு படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் ஸ்டூடியோவுக்குப் பயிற்சிக்கு வரும் இளைஞர்களின் கோப்புகளைத் திறக்கும்போதெல்லாம், எங்கள் தலைமுறையினர் கணினி அச்சுக்கோப்பு (டிடிபி) மையங்களில் செய்து பணத்தையும் பெயரையும் இழந்த அதே தவறுகள் மாறாமல் தொடர்வதைக் காண்கிறேன். தெளிவில்லாத படத்தை இழுத்துப் பெரிதாக்குவது, அச்சுக்குப் போகும் கோப்பைத் திரைக்குரிய வண்ணமுறையிலேயே விட்டுவிடுவது, வெட்டு ஓரத்துக்கு 3 மி.மீ. கூடுதலாக விடாதது போன்றவற்றை எந்த அச்சக ஊழியரும் முதல் வாரத்திலேயே திட்டித் திருத்திவிடுவார் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

பொதுத்தேர்வு முடிவு வந்த பிறகு கல்லூரி தேடுவது

ஐஐடிக்களில் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வை எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவரும் எழுதலாம். ஆனால் அது சனவரியில் நடக்கிறது. விண்ணப்பிக்கும் காலம் அதற்கும் முன்பே முடிந்துவிடும். 1961-இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் தனி நுழைவுத் தேர்வு உண்டு. மே மாதம் மதிப்பெண் பட்டியலுடன் விசாரிக்க வரும் பெற்றோரிடம், இந்த ஆண்டு கதவு மூடிவிட்டது என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியும், கும்பகோணத்திலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரியும் குறைந்த கட்டணத்தில் படிக்கத்தக்கவை என்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. விஷுவல் கம்யூனிகேஷன் பட்டப்படிப்பில் சேருவோர், அதில் புகைப்படம், திரைப்படம், விளம்பரம் எல்லாம் கலந்திருக்கும் என்பதையும், வடிவமைப்புக்கு எத்தனை தாள்கள் ஒதுக்கப்பட்டுள்ளன என்பதையும் பாடத்திட்டத்தில் பார்த்துவிட்டுச் சேர வேண்டும்.

மென்பொருள் வகுப்பையே வடிவமைப்புப் படிப்பாக எண்ணுவது

மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு கருவியைப் பழக்கிவிடும். ஒரு பக்கத்தில் எதை நீக்க வேண்டும் என்பதை அங்கே யாரும் கேட்பதில்லை.

தமிழைக் கடைசியில் ஒட்டுவது

இதைப் பற்றித்தான் நான் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. வகுப்பில் செய்யும் பயிற்சிகள் பெரும்பாலும் ஆங்கில வாசகங்களோடு முடிந்துவிடுகின்றன. வெளியே வந்தால் ஜவுளிக்கடை, மருத்துவமனை, பதிப்பகம், கூட்டுறவுச் சங்கம் என்று எல்லோருக்கும் தமிழ் தேவைப்படுகிறது. மாணவர் ஆங்கிலத்தில் அழகாக அமைத்து ஒப்புதல் வாங்கிய பிறகு, அதே கட்டத்துக்குள் தமிழை ஊற்றுகிறார். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. மேலே சுழியும் கீழே காலும் நீளும் எழுத்துகளுக்கு வரியிடைவெளி கூடுதலாக வேண்டும். இடம் போதாதபோது எழுத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போய், படிக்க முடியாத அளவில் நிறுத்துகிறார்கள். அழுத்தம் கொடுக்கப் பெரிய எழுத்து என்ற வசதி தமிழில் இல்லாததால், தடிமனையும் அளவையும் வெற்றிடத்தையும் கொண்டே அதைச் சாதிக்க வேண்டும். நாகரிகமாக இருக்கட்டும் என்று எழுத்துகளுக்கிடையே இடம் கூட்டினால், கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும்.

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் குறைகள். பணத்தைக் கரைப்பது, எழுத்தைக் கணினி எந்த எண்ணாகச் சேமிக்கிறது என்ற, கண்ணுக்குத் தெரியாத குறியாக்கம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ‘தமிழ்’ என்று நாம் பார்ப்பது, கணினிக்குள் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வேடம் போட்டுவிடுகிறது. உலக மொழிகளுக்கான பொதுக் குறியாக்கமாகிய யூனிகோடில் அது உண்மையாகவே தமிழ். இரண்டும் ஒரே கோப்பில் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு, அச்சக உரிமையாளரான என் நண்பர் பஞ்சாயத்துக்கு எடுத்துவந்த ஒரு கல்லூரிப் பொன்விழா மலரைச் சொல்லலாம்.

கட்டுரைகள் பலரிடமிருந்து வந்தவை. பாதி பழைய எழுத்துருவிலும் பாதி யூனிகோடிலும் இருந்தன. வடிவமைத்த இளைஞர் பழையவற்றை எல்லாம் யூனிகோடாக மாற்றித் தரும் ஒரு மாற்றியில் போட்டு எடுத்தார். மாற்றிக்கு, தமிழ் வேடமிட்ட ஆங்கில எழுத்துக்கும் உண்மையான ஆங்கிலச் சொல்லுக்கும் வேறுபாடு தெரியாது. ஆகவே கட்டுரைகளின் நடுவே இருந்த ஆங்கிலப் பட்டங்கள், மின்னஞ்சல் முகவரிகள், மேற்கோள் நூல்களின் பெயர்கள் அனைத்தும் பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவைகளாக மாறின. மெய்ப்புப் பார்த்தவர்கள் மாற்றத்துக்கு முந்தைய வேர்டு கோப்பைப் பார்த்திருந்தார்கள். இளைஞரோ, எழுத்துரு இல்லை என்ற புகார் வரக்கூடாதென்று எல்லா எழுத்துகளையும் அவுட்லைனாக, அதாவது தட்டச்சால் திருத்த முடியாத வெறும் வடிவங்களாக, மாற்றி அனுப்பிவிட்டார். திருத்தக்கூடிய கோப்பின்மேலேயே அதைச் சேமித்தும் இருந்தார். தாள்கள் மடிப்புக்குப் போனபோதுதான், தம் பட்டத்தைத் தேடிய பேராசிரியர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். சேர்த்து அச்சிடும் பதினாறு பக்கத் தொகுதிகள் (ஃபாரங்கள்) இரண்டுக்குப் புதிய அச்சுத்தகடு, புதிய தாள், இரவு வேலைக் கூலி. அந்தச் செலவுக்கு முன் வடிவமைப்பாளரின் கூலி எம்மாத்திரம்!

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது அந்த இளைஞர் அல்லர். தமிழ்நாடு அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. கைபேசியில் நாம் அனைவரும் எழுதுவதும் அதில்தான். இருந்தும் பயிற்சி மையங்களில் பழைய எழுத்துருக்கள் பென்டிரைவில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. காரணம் கேட்டால், அழகான தலைப்பு எழுத்துகள் அங்கேதான் உள்ளன என்கிறார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஒற்றைச் சொல் தலைப்பை ஃபிளெக்ஸ் பேனருக்காக அப்படி அமைத்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு நூலையே அப்படி அமைத்தால், அதன் பிடிஎஃப்பில் ஒரு சொல்லைக்கூடத் தேட முடியாது. அந்த உரையை அப்படியே இணையப் பக்கத்தில் இடவும் முடியாது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. வடிவமைப்பு மென்பொருளில் தமிழைச் சரியாகக் கோக்கும் அமைப்பை, அதாவது இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசரையும், இல்லஸ்ட்ரேட்டரில் இண்டிக் ஆப்ஷன்ஸையும், போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டையும், தேர்ந்தெடுத்த பிறகே தமிழை இடுங்கள். இல்லையென்றால் ‘கொ’ உடைந்து நிற்கும். மூலப்பிரதியை யூனிகோடில் கேளுங்கள். மாற்றியைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், ஆங்கிலப் பகுதிகளை முதலில் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். இறுதி மெய்ப்பை, அச்சுக்குப் போகும் அதே பிடிஎஃப்பிலிருந்து தாளில் எடுத்து, தமிழ் நன்கு தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

எழுத்துரு உரிமத்தைப் படிக்காதது

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டதன்று. முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வெளிவந்தவை, தயங்காமல் பயன்படுத்தலாம்.

கற்பனை நிறுவனங்களின் லோகோக்களால் போர்ட்ஃபோலியோவை நிரப்புவது

வேண்டாம். வேலை கேட்கும்போது காட்டும் அந்தத் தொகுப்பில், தெருமுனை உணவகத்துக்குச் செய்த உண்மையான விலைப்பட்டியல் ஒன்று போதும்.

விளம்பர நிறுவனங்களை மட்டுமே வாய்ப்பாகக் கருதுவது

பண்டிகை வாழ்த்து, பிறந்தநாள் போஸ்டர் போன்றவற்றைக் கேன்வா செயலியின் ஆயத்த வார்ப்புருக்களைக் கொண்டு வாடிக்கையாளரே செய்துகொள்கிறார். தொடக்கநிலையினர் காலூன்றிய அந்த வேலைகள் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் சட்டம் கேட்கும் நிகர எடை, சைவக் குறியீடு, உட்பொருள் பட்டியல் ஆகிய அனைத்தையும் சிறிய பொதியில் தெளிவாக அடக்கத் தெரிந்த பேக்கேஜிங் வடிவமைப்பாளரையும், ஆங்கிலத்துக்காக அமைத்த செயலியின் பொத்தானுக்குள் தமிழ் அடங்காமல் வழியும்போது தீர்வு சொல்லத் தெரிந்தவரையும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சியில் எழுத்தையும் படத்தையும் அசைய வைக்கும் மோஷன் கிராஃபிக்ஸ், பாடநூல், தகவல் வரைபடம் ஆகியவையும் இப்படியே. 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், மும்பை ஐஐடியில் தமிழ் எழுத்துருவியலை ஆய்ந்தவர் என்பதையும், தமிழில் உழைத்தால் தமிழ்நாட்டுக்குள் முடங்கிவிடுவோம் என்று அஞ்சும் மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம்.

ஃப்ரீலான்ஸ் வேலையை வாய்ப்பேச்சில் தொடங்குவது

எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், திறந்த (திருத்தக்கூடிய) கோப்பு யாரிடம் இருக்கும், மறுஅச்சுக்கு யார் பொறுப்பு ஆகிய மூன்றையும் வாட்ஸ்அப்பிலாவது எழுதி, சரி என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கைக்கு வரும்வரை மாதிரிகூட அனுப்பாதீர்கள், உறவினரானாலும்.