இணைத்து ஓட்டும் நிரல்கள் பாதியில் நின்றால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் பொறியியல் ஆய்வு செய்யும் நம் பிள்ளைகளுக்குப் பாலம் என்றால் தனி ஈர்ப்புதான். 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் கண்ணெதிரே நிற்கும்போது, காற்றடித்தால் அதன் நடுத்தளம் எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை வராதா? இதற்கு ஒரு நிரல் போதாது. காற்றோட்டத்தை ஓப்பன்ஃபோம் பார்த்துக்கொள்ளும், கட்டமைப்பைக் கால்குலிக்ஸ் பார்த்துக்கொள்ளும். விசையையும் இடப்பெயர்வையும் இரண்டுக்கும் நடுவில் மாற்றிக்கொடுக்க பிரீசைஸ் போன்ற ஓர் இணைப்பு நூலகம் வேண்டும். தனித்தனியே ஓட்டினால் இரண்டு நிரல்களும் ஒழுங்காக ஓடும். சேர்த்து ஓட்டினால் அசையாமல் நிற்கும்.

உடனே “நெட்வொர்க் சரியில்லை” என்று கிளஸ்டர் (பல கணினிகளை இணைத்த கூட்டுக்கணினி) நிர்வாகிக்கு மின்னஞ்சல் பறக்கும். அதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

சிபியு நூறு சதவீதம் காட்டுகிறது, அதனால் வேலை நடக்கிறது என்று நம்புவதுதான் மிகப் பரவலான தவறு. பிராசஸ்களுக்கு (ஓடும் நிரலின் தனித்தனிப் பிரதிகளுக்கு) இடையே செய்தி கடத்தும் எம்பிஐ நூலகங்களில் பெரும்பாலானவை, செய்தி வந்துவிட்டதா என்று ஓயாமல் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் காத்திருக்கும். சும்மா நிற்கும் நிரலும் முழு வேகத்தில் உழைப்பது போலத் தெரியும். லாக் கோப்பின் கடைசி வரியையும் அப்படியே நம்பாதீர்கள். எழுத்து பஃபரில் (தற்காலிக நினைவிடத்தில்) தங்கியிருக்கும், நிரல் உண்மையில் அந்த வரியைத் தாண்டி எங்கோ போயிருக்கும். ஒவ்வொரு நிரலிலும் ஒரு பிராசஸைத் தேர்ந்து, ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியை ஒட்டி, எந்தச் சார்பில் நிற்கிறது என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கோர் (செயலியின் கணக்கிடும் அலகு) எண்ணிக்கையை மாற்றி மாற்றிப் போடுவது வீண்.

ஒரு பக்கம் காத்திருந்தாலே கோளாறு என்றும் முடிவு கட்ட வேண்டாம். தொடர்முறை இணைப்பில் ஒன்று கணக்கிடும்போது மற்றது காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டுமே காத்திருந்தால்தான் கவலை.

அடுத்து, இரண்டு நிரல்களும் தொடங்கினவா? சிரிக்காதீர்கள், பல வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும். கிளஸ்டரில் வேலைகளை வரிசைப்படுத்தும் ஸ்லர்மில், ஒரே ஒதுக்கீட்டுக்குள் நிரலைத் தொடங்கும் எஸ்ரன் கட்டளையை இரண்டு முறை கொடுக்கிறோம். 20.11 பதிப்பிலிருந்து ஒரு ஸ்டெப் (ஓர் எஸ்ரன் தொடங்கும் வேலை) எடுத்த வளத்தை அடுத்தது இயல்பாகப் பகிர முடியாது. முதல் நிரல் எல்லாக் கோர்களையும் எடுத்துக்கொண்டு இரண்டாவதின் வருகைக்குக் காத்திருக்கும். இரண்டாவதோ கோர் காலியாகட்டும் என்று வரிசையில் நிற்கும். பார்ப்பதற்கு அச்சு அசலாகத் தொடர்புக் கோளாறு மாதிரியே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எத்தனை கோர், எத்தனை நோடு (கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி) என்று பிரித்துச் சொல்லுங்கள். அப்புறம் முதல் கட்டளையைப் பின்னணியில் அனுப்பவும், ஸ்கிரிப்ட் கடைசியில், எல்லாம் முடியும்வரை காத்திருக்கச் சொல்லும் வெயிட் போடவும் மறக்க வேண்டாம்.

தொடங்கியவை ஒன்றையொன்று கண்டுபிடிக்கவும் வேண்டும். சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) வழியாக இணையும்போது பிரீசைஸ் தன் முகவரியை ஒரு கோப்புறையில் எழுதிவைக்கும். இரு நிரல்களும் வெவ்வேறு கோப்புறையிலிருந்து ஓடினால், அந்தச் சந்திப்பிடம் இருவருக்கும் ஒன்றாக இருக்கும்படி அமைப்புக் கோப்பில் குறிக்க வேண்டும். போன முறை பாதியில் செத்த ஓட்டத்தின் மிச்சக் கோப்புகளை அழித்துவிட்டே மறுபடி தொடங்குங்கள். மடிக்கணினியில் ஓடியது கிளஸ்டரில் ஓடவில்லையா? லினக்ஸில் இயல்பிருப்பாக பிரீசைஸ் லூப்பேக் முகப்பைத்தான் (கணினி தன்னோடு தானே பேசும் நெட்வொர்க் வாசலை) பிடிக்கும். அதே கணினிக்குள் பேச அது போதும், இரண்டு நோடுகளுக்கு இடையே போதாது. நோடுகளை இணைக்கும் வேகமான இன்ஃபினிபேண்ட் முகப்பின் பெயரை எழுதிக் கொடுங்கள்.

இரண்டையும் எம்பிஐ நிரல்களைத் தொடங்கும் ஒரே எம்பிஐரன் கட்டளையில் சேர்த்து ஓட்டுவோருக்கு வேறு தலைவலி. அப்போது இரு நிரல்களுக்கும் சேர்த்து ஒரே காம் வேர்ல்டுதான் (எல்லாப் பிராசஸும் அடங்கிய குழு). ஒன்று அதன்மீது பேரியர் (எல்லாரும் வரும்வரை காத்திருக்கும் கட்டளை) போட்டால், அதைப் பற்றி எதுவும் தெரியாத மற்ற நிரலும் வந்து சேர வேண்டும். வராது. முதல் வேலையாக ஒவ்வொரு நிரலும் அந்தக் குழுவை ஸ்பிளிட் செய்து, தனக்கென ஒரு கம்யூனிகேட்டரை (தனிக் குழுவை) எடுத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பிராசஸும் “நான்தான் ரேங்க் 0” (குழுவின் முதல் பிராசஸ்) என்று அச்சிட்டால், ஓப்பன் எம்பிஐ-யில் தொகுத்ததை எம்பிச் என்ற வேறொரு எம்பிஐ நூலகத்தின் எம்பிஐரன்னால் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள்.

நீங்களே எழுதிய இணைப்பில் ரொம்பத் தந்திரமான பிழை, யார் முதலில் பேசுவது என்பது. இருவரும் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் ஹலோ சொல்லட்டும் என்று இருப்பது போல, இரண்டு நிரல்களும் முதலில் ரிசீவ் (வாங்கும் கட்டளை) போட்டால் முடிந்தது கதை. இது உடனே தெரிந்துவிடும். இரண்டும் முதலில் சென்ட் (அனுப்பும் கட்டளை) போடுவதுதான் ஏமாற்றும். சிறிய செய்தியை நூலகம் தன் பஃபரில் வாங்கி வைத்துக்கொண்டு சென்டை விடுவித்துவிடும். ஆகவே சோதனைக்கான சிறிய வலையில் (பாலத்தையும் காற்றையும் சிறு துண்டுகளாகப் பிரித்த கணக்கீட்டு வலை) எல்லாம் ஓடும். வலையை நுணுக்கமாக்கிச் செய்தி ஒரு வரம்பைத் தாண்டினால், எதிர்ப்பக்கம் ரிசீவ் போடும்வரை சென்ட் திரும்பாது. பெரிய வலையை ஏற்றி வேலையைப் போட்டுவிட்டுத் தைப்பூச விடுமுறைக்குப் போகிறவரின் கணக்கு முதல் படியிலேயே நிற்கும். சோதிக்கும்போது எல்லாச் சென்டையும் எஸ்சென்டாக மாற்றுங்கள். அது பஃபரை நம்பாது, ஒளிந்திருக்கும் முட்டுக்கட்டை (இரு பக்கமும் ஒன்றுக்கொன்று காத்து நிற்பது) சின்ன வலையிலேயே வெளிவரும். திருத்துவதற்கு, அனுப்புவதையும் வாங்குவதையும் சேர்த்துச் செய்யும் சென்ட்ரெசீவ் போதும். கடல், வளிமண்டல மாதிரிகளை ஓயாசிஸ் என்ற இணைப்பு நூலகத்தில் இணைப்போர் இதே சிக்கலை லேக் என்ற அமைப்பால் தீர்க்கிறார்கள்: முந்தைய படியின் மதிப்போடு இரு பக்கமும் தொடங்கும்.

நிற்காமல் ஓடுவதாலேயே சரியாக ஓடுகிறது என்று ஆகிவிடாது. ஒரு பக்கம் எண்களை ஒற்றைத் துல்லியத்தில் (4 பைட்) அனுப்பி மறுபக்கம் இரட்டையில் (8 பைட்) வாங்கினால், வாங்கும் இடம் பெரிதாக இருப்பதால் எம்பிஐ பெரும்பாலும் வாய் திறக்காது. எண்கள் மட்டும் குப்பையாக இருக்கும். விசையை மாற்றும்போது மொத்தம் மாறாத முறையையும், இடப்பெயர்வுக்கு மதிப்பு மாறாத முறையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றிப் போட்டால், கட்டமைப்பு வலை நுணுக்கமாக இருக்கும்போது காற்றின் விசை பல மடங்காகப் பாலத்தின்மேல் விழும். ஒவ்வொரு படியிலும் இரு பக்கத்து மொத்த விசையையும் கூட்டி லாகில் அச்சிட்டால், இந்தப் பிழை முதல் படியிலேயே தெரியும்.