வெளிநாட்டில் நெட்: ஊரிலேயே செய்துவிடும் தவறுகள்

எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ரோமிங் புதிதல்ல. முன்பெல்லாம் களியக்காவிளை தாண்டினாலே கேரள சிக்னல் பிடித்துக்கொள்ளும். வருகிற அழைப்புக்கும் காசு போகும். உள்நாட்டு ரோமிங் கட்டணம் ஒழிந்ததோடு அந்தப் பயமும் போய்விட்டது. அதே நினைப்பில் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுகிறோம். ஆனால் வெளிநாட்டு ரோமிங்கில் கட்டணம் இன்றும் இருக்கிறது.

வெளிநாட்டு ரோமிங் பேக் போடாமல், டேட்டா ரோமிங்கை அணைக்காமல் போய் இறங்கினால், நாம் போனைத் தொடாவிட்டாலும் நெட் ஓடும். வாட்ஸ்அப் தானாக வீடியோ இறக்கும், கூகுள் போட்டோஸ் படங்களை ஏற்றும். போஸ்ட்பெய்ட் என்றால் பிறகு பில்லில் தெரியும். ப்ரீபெய்ட் என்றால் இருப்பு தீர்ந்து, அவசரத்துக்கு ஒரு அழைப்பு கூடப் போகாது. அதனால் டேட்டா ரோமிங்கை ஊரிலேயே அணைத்துவிடுங்கள்.

பேக் போட்டவர்களும் ஒன்றைப் பார்ப்பதில்லை. கொழும்பு வழியாகவோ பஹ்ரைன் வழியாகவோ மாறிப் போகிறீர்கள் என்றால், போய்ச் சேரும் நாட்டுக்கான பேக் நடுவில் இறங்கும் நாட்டில் செல்லாமல் போகலாம். சில விமானங்களுக்குள்ளேயே தனி நெட்வொர்க் உண்டு. அதன் கட்டணம் மிக அதிகம். பறக்கும்போது ஃப்ளைட் மோடு கட்டாயம்.

இனி, நான் அதிகம் கவலைப்படும் தவறு. டேட்டா ரோமிங் வேறு, ரோமிங் சேவை வேறு. முதலாவது நெட்டுக்கு. இரண்டாவது இருந்தால்தான் உங்கள் இந்திய நம்பர் வெளிநாட்டில் சிக்னல் பிடிக்கும், வங்கி ஓடிபி வரும். செலவுக்குப் பயந்து பலர் இரண்டையும் சேர்த்தே விட்டுவிடுகிறார்கள்.

என் சித்தி, தன் மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் போய் ஆறேழு மாதம் தங்கினார். அங்கே ஒரு சிம் வாங்கியதும் ஊர் சிம்மைக் கழற்றிப் பர்சில் வைத்துவிட்டார், ரீசார்ஜும் செய்யவில்லை. திரும்பி வந்தபோது அந்த நம்பர் வேறொருவர் கையில் இருந்தது. பென்ஷன் கணக்கு, கேஸ் புக்கிங், ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான். ஒவ்வொன்றாக மாற்றி முடிப்பதற்குள் அவர் அலைந்த அலைச்சலைக் கூட இருந்து பார்த்தேன். ப்ரீபெய்ட் நம்பர் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், போதிய இருப்பும் இல்லாமல் கிடந்தால் அதைத் துண்டித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு சிம் போடும் போனில் ஊர் சிம்மை அப்படியே வைத்திருங்கள். நெட்டுக்கு அந்த நாட்டு சிம்மைத் தேர்ந்தெடுங்கள். ரீசார்ஜை வீட்டில் யாரிடமாவது ஒப்படையுங்கள். ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. அழைப்பை எடுத்தால் உண்டு.

இசிம் (கார்டு இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) வாங்க நினைப்பவர்கள் முதலில் *#06# அழுத்திப் பாருங்கள். இஐடி என்று ஒரு நீண்ட எண் வந்தால் உங்கள் போன் இசிம் ஏற்கும். அதை நிறுவவே நெட் வேண்டும் என்பதால் வீட்டு வைஃபையிலேயே முடித்துவிடுங்கள். நிறுவியதை அழித்தால் பல இசிம்களை மறுபடி ஏற்ற முடியாது.

துபாய், ஷார்ஜா, அபுதாபி போகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், அழைப்பு போகாது. நெட் சரியில்லை என்று நினைத்து இன்னொரு பேக் வாங்காதீர்கள். அனுமதி உள்ள போடிம் செயலியை ஊரில் அம்மா அப்பா போனிலும் போட்டு, ஒரு முறை பேசிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வாட்ஸ்அப் அழைப்புக்காக அறைத் தோழர்கள் விபிஎன் (எங்கிருந்து நெட் பார்க்கிறோம் என்பதை மறைக்கும் செயலி) போடச் சொல்வார்கள்; செய்ய வேண்டாம். குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன்னைப் பயன்படுத்தினால் அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹமில் தொடங்குகிறது.

அப்புறம், போனில் உள்ள நம்பர்களை +91 சேர்த்துச் சேமியுங்கள். நாகர்கோவில் வீட்டு லேண்ட்லைன் என்றால் 04652-இல் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு +91 4652 என்று போட வேண்டும். அழைத்துப் போக வருகிறவரின் நம்பரையும் வீட்டு நம்பரையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். இறங்கியதும் சிக்னல் கிடைக்காவிட்டால், பக்கத்தில் நிற்கிறவரிடம் நீட்ட அந்தத் தாள் போதும்.