சிங்கப்பூர்த் தோட்டங்கள் சைக்கிளில்: எங்கே மிதிப்பது, எங்கே பூட்டிவிட்டு நடப்பது

சிங்கப்பூரின் தோட்டங்களைச் சைக்கிளில் சுற்ற ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பெயர் பெற்ற தோட்டங்களுக்குள் சைக்கிள் ஓட்ட விடமாட்டார்கள். பூமலையில் (சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன்ஸ்) முடியாது. கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை தி பே) உள்பாதைகளிலும் முடியாது. வடகிழக்கே இருக்கும் உபின் தீவின் செக் ஜாவா என்ற சதுப்புக் கரையில், மரப்பலகை நடைபாதைக்கு முன்பே வண்டியை விட்டுவிட வேண்டும்.

அப்புறம் சைக்கிள் எதற்கு? தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்கத்தான். 1967-இல் அன்றைய பிரதமர் லீ குவான் யூ இந்த ஊரைத் தோட்ட நகரமாக்கப் போவதாக அறிவித்த பிறகு, சாலையோரம் எல்லாம் மரம் வந்தது. பிறகு பூங்காக்களை ஒன்றோடொன்று கோக்கும் இணைப்புப் பாதைகள் வந்தன. இன்று அவை 300 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. ரயிலில் வந்து நுழைவாயிலில் இறங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. எனக்கோ இதுதான் தீவின் மிகப் பெரிய தோட்டம்.

நான் தீவின் கிழக்கே பிடோக்கில் இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை அழைத்துப் போகும் வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வண்டியும் நேரமும்

மடக்கு சைக்கிள் இருந்தால் அதையே எடுங்கள். மடக்கிய நிலையில் 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் அடங்கினால் எம்ஆர்டி ரயிலில் எந்த நேரமும் ஏற்றலாம். இல்லாதவர்கள் எனிவீல், ஹலோரைட் மாதிரி பகிர்வு சைக்கிள்களைச் செயலி வழியாக எடுக்கலாம். ஓட்டி முடிக்கும்போது அவற்றைச் சைக்கிள் நிறுத்தும் கட்டத்துக்குள் விட்டு, அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை வருடினால்தான் கணக்கு மூடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் இருக்கும் வாடகைக் கடைகள் வசதி. எல்லா அளவும் அங்கே கிடைக்கும்.

வேக வரம்பு, நடப்பவர்களும் சைக்கிள்களும் சேர்ந்து போகும் பகிர்வுப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. சாலையில் இறங்கினால் தலைக்கவசம் கட்டாயம். நடப்பவர்களுக்கு மட்டும் என்று பிரித்திருக்கும் பாதையில் ஏறக் கூடாது. இருட்டில் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். இங்கே வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடியும் என்பதால், ஆறரைக்குக் கிளம்பினால் விளக்கு தேவைப்படும். ஆனாலும் அந்த நேரத்துக்கே கிளம்புங்கள். பத்தரை, பதினொன்றுக்கு மேல் வெயில் தலையைப் பிளக்கும். பிற்பகலில் இடி மின்னல் வரும் நாட்கள் அதிகம். மின்னல் அடித்தால் மரத்தடியில் ஒதுங்காதீர்கள், கட்டடத்துக்குள் போய்விடுங்கள். டிசம்பர், ஜனவரியில் மழை நாள் கணக்கில் விடாமல் பெய்யும். அந்த மாதங்களில் வருகிறவர்கள் ஒரு நாளைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கிழக்குக் கரை வழியாக உபினுக்கு

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா கிட்டத்தட்ட 15 கிலோமீட்டர் நீளம். முழுக்கக் கடலைத் தூர்த்து எடுத்த மண். சவுக்கு, தென்னை, நாட்டு வாதுமை, தூங்குமூஞ்சி என்று நிழல் தொடர்ந்து வரும். கூடவே புன்னையைத் தேடிப் பாருங்கள். கரும்பச்சை இலை, வெள்ளைப் பூ, பூத்திருந்தால் வாசமே காட்டிக்கொடுக்கும். பூவரசும் தாழையும்கூட இந்தக் கடலோரத்து மரங்கள்தான். நெய்தல் நிலத்து மரங்களைப் பள்ளிப் பாடத்தில் மட்டும் படித்தவர்கள் அவற்றை வரிசையாகப் பார்க்க இதைவிட எளிய இடம் எனக்குத் தெரியாது. என் சித்தப்பா இங்கே ஒரு புன்னையடியில் வண்டியை நிறுத்தி, உதிர்ந்த காய்களைப் பொறுக்கிக்கொண்டு, அந்த எண்ணெயில் விளக்கு எரித்த காலத்தைப் பேசத் தொடங்கிவிட்டார். அவசரப்படுத்த மனம் வரவில்லை. இந்த மாதிரி நிற்பதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

பூங்காவின் கிழக்கு முனையைத் தாண்டினால் விமான நிலையத்தை ஒட்டிய நேர் பாதை. நிழல் குறைவு, எதிர்க்காற்று உண்டு. தண்ணீரை அதற்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் வந்தால் இந்த வெயிலில் இழுத்துப் போகாமல் விமான நிலையம் பக்கம் திரும்பிவிடுங்கள். பாதையோரம் டைனோசர் பொம்மைகள் நிற்கும், முடிவில் ஜுவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயர அருவி. மற்றவர்கள் நேரே சாங்கி வில்லேஜ் வரை மிதிக்கலாம். அங்கே உணவங்காடியில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிட்டுவிட்டு, சைக்கிளைப் பூட்டிவிட்டுப் படகுத்துறைக்குப் போங்கள்.

உபின் படகுக்கு நேர அட்டவணை கிடையாது. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பும். ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக. சொந்த சைக்கிளை ஏற்றலாம், அதற்குத் தனிக் காசு. ஆனால் தீவில் இறங்கியதும் வரிசையாக வாடகைக் கடைகள் இருப்பதால் அங்கேயே எடுப்பதுதான் சுலபம். மலிவான வண்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், கியரை மாற்றி ஒரு சுற்று ஓட்டுங்கள், இருக்கையை உங்கள் உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். தீவில் சரிவுகள் உண்டு. செக் ஜாவாவை நெருங்கும்போது தார் போய்க் கப்பி வந்துவிடும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சறுக்கும்.

உபின் கருங்கல் தீவு. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு இங்கிருந்துதான் கல் போனது. குவாரிகள் 1999-இல் ஓய்ந்தன. இன்று அந்தப் பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து கொக்கும் நாரையும் இறங்குகின்றன. ஆனால் நான் இந்தத் தீவுக்குப் போவது கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீடுகளின் தோட்டங்களுக்காக. தகரக் கூரை வீட்டைச் சுற்றி டுரியான், ரம்புத்தான், பலா, வாழை, தென்னை, வேலியோரம் செம்பருத்தி. வடிவமைப்பாளர் யாரும் வரைபடம் போடவில்லை. வேண்டியதை வேண்டிய இடத்தில் நட்டிருக்கிறார்கள். ஊரில் பாட்டி வீட்டுக் கொல்லைப்புறம் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். சில வீட்டு வாசலில் இளநீர் விற்பார்கள், வாங்கிக் குடியுங்கள். மரத்திலிருக்கும் பழத்தில் கை வைக்காதீர்கள், குடியிருப்பவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள்.

படகுத்துறையிலிருந்து கிழக்கே சுமார் 3 கிலோமீட்டரில் செக் ஜாவா. கடலைத் தூர்க்கும் திட்டம் இந்தக் கரைக்கும் வந்தது. இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் அங்கிருந்த உயிர்களைப் பதிவுசெய்து எடுத்துச் சொல்ல, 2001 டிசம்பரில் அது ஒத்திவைக்கப்பட்டது. அதனால்தான் சதுப்புக் காடும் கடற்புல் வெளியும் இன்றைக்கும் இருக்கின்றன. வண்டியைப் பூட்டிவிட்டு நடைபாதையில் போங்கள். நீர் வற்றும் நேரத்தில் போனால்தான் தரையில் உயிர் நடமாட்டம் தெரியும், ஆகவே முந்தைய நாளே ஓத அட்டவணையைப் பாருங்கள். சைக்கிள் கைப்பிடியில் பிளாஸ்டிக் பையில் சாப்பாடு தொங்கவிட்டால் குரங்கோ காட்டுப்பன்றியோ நிச்சயம் தேடி வரும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் வைத்து மூடுங்கள். மாலை ஐந்தரைக்குள் படகுத்துறைக்குத் திரும்பிவிடுவது நிம்மதி.

பழைய தண்டவாளமும் பூமலையும்

இது மடக்கு சைக்கிள்காரர்களுக்கான காலை. மலாயா ரயில் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு நகரின் தெற்கே இருந்த தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வருவதை நிறுத்தியது. அந்த 24 கிலோமீட்டர் தடம்தான் இன்று பசுமைப் பாதை. குவீன்ஸ்டவுன் பக்கம் ஏறி வடக்கே மிதியுங்கள். அந்தப் பகுதியில் இருக்கும் முனீஸ்வரன் கோவில் ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஆட்கள் தொடங்கியது. ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பலாம். கரட்டு மண் பாதை, மழைக்கு மறுநாள் சேறு. பழைய புக்கிட் தீமா ஸ்டேஷனும் இரும்புப் பாலமும் வந்ததும் இறங்கி, கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டியில் வண்டியை மடக்கி ஏறுங்கள். மூன்றாவது நிறுத்தம் பொட்டானிக் கார்டன்ஸ். நிலையத்தருகே சைக்கிளைப் பூட்டிவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் புக்கிட் தீமா வாயில் வழியாக நடங்கள்.

பூமலை 1859-இல் தொடங்கியது, 2015-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் கட்டணம், மற்றதெல்லாம் இலவசம். ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தை எல்லோரும் தேடிப் போவார்கள், நீங்களும் பாருங்கள். ஆனால் ரப்பரை விட்டுவிடாதீர்கள். 1877-இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து ரப்பர் கன்றுகள் இங்கே வந்தன. 1888-இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் வகுத்தார். தோட்ட முதலாளிகளை ரப்பர் நடச் சொல்லி விடாமல் வற்புறுத்தினார். பிறகு மலாயா முழுக்க ரப்பர் எஸ்டேட்கள் வந்தன. அவற்றில் பால் வெட்டக் கப்பலேறி வந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அந்தக் குடும்பங்களின் பேரப் பிள்ளைகள் இன்று இந்த ஊர்களில் இருக்கிறார்கள். அதனால் இந்தத் தோட்டத்தில் நான் யாரை அழைத்துப் போனாலும் ரப்பர் மரத்தடியில் நின்று இந்தக் கதையைச் சொல்லாமல் நகர்வதில்லை. நீங்களும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மற்றபடி இரண்டரை மணி நேரம் போதும், நிழலும் தாராளம்.

கரையோரப் பூந்தோட்டங்களை மாலைக்கு வையுங்கள். நீர்முனைப் பாதை வரை சைக்கிளில் போகலாம், பிறகு நடை. வெளித்தோட்டம் இலவசம். குளிரூட்டிய இரண்டு கண்ணாடி மண்டபங்களில் ஒன்றுக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் அருவி இருக்கும் மேகக் காட்டைத் தேர்ந்தெடுங்கள். இரவு 7.45-க்கும் 8.45-க்கும் அங்கே இருக்கும் செயற்கைப் பெருமரங்களில் ஒளிக்காட்சி நடக்கும்.

கையில் ஒரே ஒரு நாள்தான் என்றால் உபின். அதிலும் சனி, ஞாயிறு வேண்டாம், வார நாளில் முதல் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள்.