சக்திமான் பச்சையை ஸ்பூனில் பிடிப்பது

சத்துவாச்சாரியில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட் எனக்கு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அதே கைதான் 1:35 அளவில், அதாவது நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்காக, ராணுவ வண்டி மாடல்கள் செய்கிறது. அப்பா பட்டாளத்தில் சக்திமான் என்ற ராணுவ லாரி ஓட்டியவர். பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி ஒட்டி ஒரு சக்திமான் செய்து, ‘ஆலிவ்’ என்று எழுதியிருந்த பாட்டிலை அப்படியே அடித்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தவர், “இன்னாடா, வாழக்கன்னு மாதிரி கீது?” என்றார்.

சரியான பச்சையைப் பிடிக்க மூன்று மாதம் ஆனது. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

முதலில், எதைப் பார்த்துக் கலக்குவது? போட்டோவை நம்பாதீர்கள். பிலிம், ஸ்கேனர், போன் திரை, ஒவ்வொன்றும் ஒரு நிறம் காட்டும். காட்சிக்கு நிறுத்திய டாங்கியும் பல தடவை மறு பெயின்ட் கண்டிருக்கும். எண் ஓரளவு உதவும்: நம் நாட்டுப் பெயின்ட் நிறங்களுக்கான ஐ.எஸ். 5 பட்டியலில் ஆலிவ் பச்சைக்கு 220. ஆனால் எண்ணுக்காக மயிரிழைச் சண்டை போடுபவர்கள் ஸ்பிரே கன் பிடித்ததில்லை என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போரையே பாருங்கள்: 1943 பிப்ரவரிக்குப் பிறகு ஜெர்மன் ராணுவ வண்டிகளுக்கு அடிப்படை நிறம், அவர்கள் நிறப் பட்டியலான ஆர்.ஏ.எல்.-இல் 7028, மங்கிய மஞ்சள். மேலே திட்டுத்திட்டாக அடிக்கும் பச்சையும் செம்பழுப்பும் பசையாக டின்னில் படைகளுக்குப் போகும். அங்கே பெட்ரோலிலோ தண்ணீரிலோ கரைத்து அடித்தார்கள். கரைத்த பதத்துக்கு ஏற்ப வண்டிக்கு வண்டி நிறம் மாறியது.

எனக்குக் கை கொடுத்தது அப்பாவின் பழைய ஜெர்ரி கேன், பட்டாளத்தில் எரிபொருள் கொண்டுபோகும் டப்பா. வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு பூத்திருந்தது. அதைப் பார்த்துக் கலக்கினால் தப்பாகும். ஷெட்டில் டச்சப்புக்கு முன் செய்வதையே செய்தேன்: கைப்பிடிக்கு அடியில் காசு அளவு இடத்தை ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்தேன். உள்ளிருந்து வந்தது பச்சையே இல்லை, பழுப்புக்குப் பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று.

அப்புறம்தான் புரிந்தது. பச்சையில் தொடங்கினால் வாழைக்கன்றுதான் வரும். கறுப்பில் மஞ்சளைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள், ஆலிவ் தானே எழும். பச்சை தூக்கலாகத் தெரிந்தால் துளி சிவப்பு. ஊசி போடும் சிரிஞ்சில் சொட்டை எண்ணி, பிரைமர் அடித்த பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்து, கணக்கை ஸ்பூன் முதுகில் எழுதுங்கள். மறுநாள் காலை வரை தொடாதீர்கள். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்ததும் மாறிவிடும். நான் இருபத்துமூன்று ஸ்பூன் வீணடித்தேன், பாயசத்துக்கு ஸ்பூன் இல்லாமல் வீட்டில் ஒரே திட்டு.

ஸ்பூனையும் கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் இடம் முக்கியம். ஷெட்டின் எல்.இ.டி. விளக்கில் ஒட்டிப் பிறந்தது போல இருந்த இரண்டும், காலையில் திண்ணையில் பார்த்தால் ஒன்று பழுப்பு, ஒன்று பச்சை. வெவ்வேறு நிறமிகளில் கலந்தவை ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும், இன்னொன்றில் பிரிந்துவிடும். காலை எட்டு மணி வாக்கில், நிழலில் பாருங்கள். வேலூர் மத்தியான வெயிலில் எல்லாமே வெளுப்புதான்.

நிறம் சேர்ந்துவிட்டதா? அதை அப்படியே மாடலில் அடித்தால் கறுத்துத் தெரியும். உள்ளங்கை அளவு வண்டியைக் கையருகே வைத்துப் பார்க்கிறோம். நிஜ லாரியோ முப்பது அடி தள்ளி, காற்றையும் தூசியையும் தாண்டித் தெரிவது. 1:35-க்குப் பத்துச் சொட்டுக்கு ஒரு சொட்டு வெளிர் நிறம் சேர்க்கிறேன், 1:72-க்கு இரண்டு. வெள்ளை வேண்டாம், பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். வெளிர் மணல் நிறம் போதும். கடைசி வார்னிஷையும் ஸ்பூனிலேயே சோதியுங்கள். பளபளப்பு ஆழமாகக் காட்டும், மேட் வெளுத்துக் காட்டும்.

மே மாதம் என்றால் விடியற்காலையில் அடியுங்கள். பத்து மணிக்கு ஏர்பிரஷ் நுனியிலேயே பெயின்ட் காய்ந்து, வண்டிமேல் தூளாக விழும்.

இருபத்துநாலாவது ஸ்பூன் கணக்கில் அடித்த சக்திமானை அப்பாவிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. “நம்பர் பிளேட்ல அம்புக்குறி எங்கடா?” என்றார்.