கோள் படத்தில் ஒரு மோதல் பள்ளத்தைப் படிப்பது எப்படி

விண்கல் மோதி உண்டான பள்ளத்தைப் பார்க்க, புதன் அல்லது செவ்வாயின் படத்தைத் திறந்ததும் முதலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். வெளிச்சம் மேலிருந்து விழுவதாகவே நம் கண் எடுத்துக்கொள்ளும். படத்தில் அது கீழிருந்து வந்தால் பள்ளமெல்லாம் மேடாகத் தெரியும், படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். சூரியன் இருக்கும் பக்கத்துச் சுவர் நிழலிலும் எதிர்ச்சுவர் பளிச்சென்றும் இருக்கும்.

அந்த நிழலை வைத்தே ஆழத்தைக் கணக்கிடலாம். நிழல் நீளத்தைச் சூரியன் நிற்கும் கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்குங்கள்: சூரியன் 10 டிகிரி உயரத்தில் இருந்து நிழல் 2 கிலோமீட்டர் நீண்டால், நிழல் நுனி விழும் இடத்திலிருந்து விளிம்பு சுமார் 350 மீட்டர் உயரம்.

அப்புறம் உள்ளே பாருங்கள். சிறிய பள்ளம் வெறும் கிண்ண வடிவம், அவ்வளவுதான். பெரியதென்றால் சுவர் படிப்படியாகச் சரிந்திருக்கும், நடுவில் ஒரு சிகரம் நிற்கும். மோதிய அதிர்ச்சியில் அமுங்கிய தரை திரும்ப எழும்பி உண்டானது அது; ஆழத்தில் கிடந்த பாறையை மேலே கொண்டுவந்து காட்டுவதால் பள்ளத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஆனால் நடுவில் மேடு இருந்தாலே சிகரம் என்று முடிவுகட்ட வேண்டாம். செவ்வாயில் 2012-இல் கியூரியாசிட்டி ஊர்தி இறங்கிய கேல் பள்ளத்தின் 5 கிலோமீட்டர் உயர மலையில் பெரும்பகுதி அடுக்கடுக்காகப் படிந்த படிவுதான்.

வெளிப்பக்கத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், பாதிக் கதை அங்கேதான் இருக்கிறது. பள்ளம் வட்டமாக இருப்பதால் கல் நேராக விழுந்தது என்று சொல்ல முடியாது. மிகவும் சாய்வாக வந்தால்தான் வட்டம் நீளும், அவ்வளவு சாயாதபோதே, மோதலில் வெளியே தெறித்து விழுந்த சிதறல் ஒரு பக்கம் குறைந்து திசையைக் காட்டிக்கொடுத்துவிடும். செவ்வாயில் சில பள்ளங்களைச் சுற்றி, சேற்றில் கல் எறிந்தது போல, மடல் மடலாகச் சிதறல் பரவியிருக்கும். தரைக்கடியில் பனி இருந்திருக்கலாம் என்பதற்கு அது முக்கியமான தடயம்.

வயதுக்கு, எது எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள். புதனில் கைப்பர் பள்ளம் முராசாகி என்ற இன்னொரு பள்ளத்தின் விளிம்பை வெட்டிக்கொண்டு கிடக்கிறது, கைப்பரைச் சுற்றி வெண்கோடுகளாகத் தெறித்திருக்கும் கதிர்களும் இன்னும் மங்கவில்லை, ஆகவே கைப்பர்தான் இளையது. ஒரு பரப்பின் வயதறியப் பள்ளங்களை எண்ணும்போது, பெரிய பள்ளத்திலிருந்து தெறித்த கற்கள் போட்ட சிறு குழிகளைக் கழித்துவிடுங்கள். அவை வரிசையாகவோ கொத்தாகவோ கிடக்கும், அவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடி, தரைக்கு இல்லாத முதுமை வந்துவிடும்.