முதல் வீடே வாடகைக்கா?

குரோம்பேட்டையில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு, வாடகைக்கு விடுவதற்காக நாவலூரில் ஒரு ஃப்ளாட் வாங்குவதைத் தவறு என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் என்று இடம் மாறாமல் இருக்க நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் என் வயதுக்காரர்கள் நாங்கள் செய்த பிழைகளையே இளையவர்கள் வரிசையாகச் செய்கிறார்கள். வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

‘வாடகையே தவணையைக் கட்டிவிடும்’

இதைச் சொல்லாத தரகர் இல்லை. அக்கா மகனும் இந்தக் கணக்கோடுதான் வந்தான். 60 லட்ச ரூபாய்க்கு மறுவிற்பனை ஃப்ளாட். 48 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 41,650 ரூபாய், வாடகை 18,000.

“மிச்சத்தை வருமான வரியில் பிடித்துவிடலாம் மாமா” என்றான்.

“எந்த வரி முறையில் இருக்கிறாய்?”

“அலுவலகத்தில் எதைப் போட்டார்களோ அதுதான்.”

அதாவது, புதிய முறை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். வாடகையைவிட வட்டி அதிகமாகி வீட்டு வருமானத்தில் வரும் நட்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிப்பது பழைய முறையில்தான் நடக்கும். புதிய முறையில் வட்டியை வாடகை வருமானத்துக்குள் மட்டுமே கழிக்கலாம். அவனுக்கு முதல் ஆண்டு வட்டியே 4 லட்சம். ஆண்டு வாடகையில் சட்டம் தரும் 30 சதவீதக் கழிவு போக நிற்பது ஒன்றரை லட்சம். மீதி இரண்டரை லட்சத்துக்கு ஒரு ரூபாய்கூட வரி குறையாது. பழைய முறைக்கு மாறலாம்தான். அங்கே வரி விகிதம் அதிகம். இரண்டையும் தாளில் போட்டுப் பார்க்காமல் முன்தொகை கொடுக்கப் போனான்.

அடுத்தது, பின்னால் குடியிருக்க வீடு வாங்கப் போகும்போது வருவது, இன்னும் மோசம். கைக்கு ஒரு லட்சம் சம்பளம் வந்தால், எல்லாத் தவணைகளும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டாமல் இருக்கின்றனவா என்றுதான் வங்கிகள் பெரும்பாலும் பார்க்கும். அதில் 41,650 ஏற்கெனவே போய்விட்டது. வாடகையிலும் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பாதியைச் சேர்த்தாலும், குடியிருக்க வாங்கும் வீட்டுக்கு 20 லட்சம் கடன் தேறுவதே கடினம். சேமிப்பும் இராது: கைப்பணம் 12 லட்சத்தோடு, முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம், 5.4 லட்சம், முதல் வீட்டிலேயே கரைந்திருக்கும்.

‘பிறகு நாமே குடியேறிக்கொள்ளலாம்’

சிறுசேரியில் ஒற்றைப் படுக்கையறை வீடு சட்டென்று வாடகைக்குப் போகும். இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் அதில் குடியேறுவீர்களா?

அரசு மானியம்

ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருப்பவர்கள் கவனிக்கவேண்டும். நாட்டில் எங்கேயாவது உங்கள் குடும்பத்துக்கு நிரந்தர வீடு இருந்தால், பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் வட்டி மானியம் கிடையாது. வாடகைக்கு விட்ட வீடும் வீடுதான்.

காலி மாதங்கள்

ஆண்டுக்கு ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். பராமரிப்புக் கட்டணம் அப்போதும் ஓடும்.

முன்பணம்

வாடகைக்கு வருபவர் தருவது; உங்கள் பணம் அல்ல. தொடாதீர்கள்.