காய் என்றாலே முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு
பிள்ளை காயைத் தொடவே மாட்டேன் என்கிறதா? வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் கூடவே கூட்டிப் போங்கள். காம்பில் முள் இருக்கும் இலவம்பாடி கத்திரிக்காயை, 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்க் காயை, அவர்களே பார்த்துப் பொறுக்கட்டும். பிஞ்சாக எடுங்கள், முற்றினால் விதை கசக்கும்.

அப்புறம் நல்லெண்ணெயில் தோல் சுருங்கும்வரை வதக்கி, புளிக்கரைசலும் வறுத்த வேர்க்கடலைப் பொடியும் சேர்த்து கொழகொழப்பு குறையும்வரை நன்றாகச் சுண்டவிடுங்கள். நிறைய பிள்ளைகளுக்கு அந்தக் கொழகொழப்புதான் பிடிப்பதில்லை. தட்டில் ஒரே ஒரு துண்டு போதும். துப்பினாலும் திட்டாதீர்கள், புதுக் காய் நாக்குக்குப் பழக 8, 10 தடவைகூட ஆகும். காய் தின்றால் சாக்லேட் என்ற பேரம் மட்டும் வேண்டவே வேண்டாம், காய் மேல் வெறுப்புதான் வரும். ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய்தானே, வீட்டில் பிரியாணி செய்கிற அன்றைக்கே ஆரம்பியுங்கள்.